வழவழப்பான கேக்குக்காக நான் தொலைத்த 4,200 ரூபாய்

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்தில் அரை கிலோ, ஒரு கிலோ என்று சின்னச் சின்ன கேக்குகள்தான். எங்கள் தெருக்காரர்கள், பையனோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள், அவ்வளவுதான் என் வாடிக்கை. மேலே சாக்லேட்டைத் துருவிக் கொட்டிவிடுவேன், பக்கவாட்டில் பூப்பூவாக க்ரீம் பிழிந்துவிடுவேன். பக்கம் நேராக நிற்கிறதா, மேல்தளம் மட்டமாக இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அந்தப் பூக்கள் எத்தனை குறையை மூடிக்கொண்டிருந்தன என்பது, பூவே வேண்டாம் என்று ஒருவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆர்டர் குடியாத்தத்திலிருந்து வந்தது. வைகாசி முதல் நாள் அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் குடியாத்தத்துக்காரர்கள் எப்படியாவது அன்றைக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்கிறதே, கையோடு குழந்தையின் முதல் பிறந்தநாளையும் வைத்துவிடுவோம் என்று ஒரு குடும்பம் மறுநாள் மாலைக்கு மண்டபம் பிடித்திருந்தது. குழந்தையின் அம்மா என்னைவிடச் சின்னவர், "அக்கா, அக்கா" என்று வாய் நிறையப் பேசுகிறவர். இரண்டு அடுக்கு, மொத்தம் மூன்றரை கிலோ, உள்ளே சாக்லேட் ஸ்பாஞ்ச், நடுவில் மாம்பழம், வெளியே வெள்ளை க்ரீம். "பூவு கீவு எதுவும் வேணாங்க்கா. புதுசா வெள்ளையடிச்ச சுவரு மாதிரி இருந்தா போதும்" என்றார். பிழிகிற வேலை மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டு 3,800 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, 1,500 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டேன். உங்களிடம் யாராவது "சும்மா ப்ளெய்னா போதும்" என்றால் விலையைக் குறைக்காதீர்கள், ஏற்றிச் சொல்லுங்கள். ஒளித்துவைக்க ஓர் இடம்கூட இல்லாத கேக் அது.

வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். பையன் கோடை லீவுக்கு விரிஞ்சிபுரத்தில் என் நைனா வீட்டில் இருந்தான். வீட்டில் நான் மட்டும்தான். கேக் ஃப்ரெஷ்ஷாக இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில், பிறந்தநாள் அன்று காலை நான்கு மணிக்கு எழுந்து மாவு கலக்க ஆரம்பித்தேன். மூலத் தவறு இதுதான், மற்றதெல்லாம் இது பெற்ற பிள்ளைகள். மாலை ஏழு மணிக்கு வெட்டப்போகிற அடுக்கு கேக்கை அன்றைக்குக் காலையில் சுடக் கூடாது. முந்தின நாளே சுட்டுவிட வேண்டும். முடிந்தால் அதற்கும் முந்தின நாள்.

கேக் சுடும் சின்ன கரண்ட் அடுப்பான ஓடிஜியை எப்போதும்போல 180 டிகிரியில் வைத்தேன். ஸ்பாஞ்ச் எல்லாம் நடுவில் கோபுரம் மாதிரி எழும்பி வெடித்தன. இதற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. டின்னின் ஓரம் சீக்கிரம் சூடேறுவதால் அங்கிருக்கும் மாவு முதலில் இறுகிவிடுகிறது. நடுவில் இருப்பது இன்னும் பொங்கிக்கொண்டே இருப்பதால் வேறு வழியில்லாமல் மேலே எழும்புகிறது. இப்போது 160 டிகிரியில்தான் வைக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகும், ஆகட்டும். பழைய துண்டை நீளமாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டி ஊக்கு குத்திவிடுகிறேன். ஓரத்துச் சூட்டை ஈரத்துணி தாங்கிக்கொள்ளும், கேக் ஒரே சீராக எழும்பும். மாவையும் கண்ணளவில் ஊற்றுவதில்லை. டின்னைத் தராசில் வைத்து ஒவ்வொன்றிலும் ஒரே எடை ஊற்றினால்தான் அடுக்குகள் ஒரே உயரத்தில் வரும். அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். எல்லா ஸ்பாஞ்சுமே ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தன. ஏன் என்று யோசிக்கக் கையில் நேரமில்லை. அந்தக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. கத்திரி வெயில், வேலூர், கரண்ட் இல்லை. இதற்குமேல் நான் விவரிக்க வேண்டாம். சமையலறை ஜன்னல் ஓரத்தில் ஆறவைத்த ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், ஆறிவிட்ட மாதிரிதான் இருந்தது. வெளியேதான் ஆறியிருந்தது, உள்ளே இன்னும் வெதுவெதுப்பு. கறிகாய் நறுக்கும் கத்தியை எடுத்து மேலே இருந்த கோபுரத்தைச் சீவப் போனேன். கேக் பிய்ந்தது, உதிர்ந்தது, சாக்லேட் தூள் மேடை முழுக்கப் பரவியது. ஒரு பக்கம் ஆழமாக இறங்கிவிட்டதே என்று மறுபக்கத்தைச் சீவி, அது ஆழமாகிவிட்டதே என்று இந்தப் பக்கத்தைச் சீவி, கடைசியில் ஒரு ஸ்பாஞ்ச் பாதிக்குப் பாதி ஆகிவிட்டது. அப்பம் பங்கிட்ட குரங்கு கதைதான்.

மட்டமாக வெட்டுவதற்குக் கேக் குளிர்ந்திருக்க வேண்டும், வெறுமனே ஆறியிருந்தால் போதாது. இப்போது சுட்டு முழுக்க ஆறியதும் க்ளிங் ராப் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று இறுகச் சுற்றி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். சுற்றாமல் வைத்தால் காய்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கேக் கட்டை மாதிரி ஆகாதா என்று கேட்பீர்கள். வெண்ணெய் போட்ட ஸ்பாஞ்ச் குளிரில் இறுகும், அது உண்மை. எண்ணெய் ஊற்றிச் செய்த ஸ்பாஞ்ச் மென்மையாகவே இருக்கும், விப்பிங் க்ரீம் கேக்குக்கு அதுதான் பொருத்தம். வெட்டுவதற்குப் பல்லுள்ள நீளமான ரொட்டிக் கத்தி அவசியம். கேக்கைச் சுற்றி ஒரே உயரத்தில் ஏழெட்டுப் பல்குச்சிகளைக் குத்திக்கொண்டு, அவற்றின் மேல் கத்தியைப் படியவைத்து, முதலில் சுற்றிலும் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறிக்கொள்ளுங்கள். அப்புறம் கேக்கைத் திருப்பித் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போங்கள். கத்தி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேலே வரும் ஸ்பாஞ்சை மட்டும் கவிழ்த்து வையுங்கள். டின்னின் அடியில் ஒட்டியிருந்த பக்கத்தைவிட மட்டமான தளம் உங்கள் கையால் வெட்டி வராது, தூளும் அதில் குறைவு.

அன்றைய கதைக்கு வருகிறேன். ஸ்பாஞ்ச் உதிர்கிறதே என்ற பயத்தில் சர்க்கரைப் பாகைத் தாராளமாக ஊற்றினேன். பிரஷ்ஷால் தடவவில்லை, கரண்டியால் ஊற்றினேன். அடியில் இருந்த அடுக்கு ஊறி, மேலே வைத்த அடுக்கு வழுக்க ஆரம்பித்தது. எட்டங்குல ஸ்பாஞ்சுக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டிப் பாகு போதும், அதையும் பிரஷ்ஷால்தான் கொடுக்க வேண்டும். மாம்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டி அப்படியே நடுவில் பரப்பினேன். நல்ல பங்கனப்பள்ளிப் பழம், சாறு ஒழுகுகிற பழம். சர்க்கரையும் க்ரீமும் பட்டால் இன்னும் சாறு விடும் என்று தோன்றவே இல்லை. இப்போது மாம்பழத்தைக் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்த சோளமாவும் சேர்த்துக் கிளறி, கெட்டியானதும் முழுக்க ஆறவைத்துத்தான் பயன்படுத்துகிறேன். அதற்கு முன்னால் ஸ்பாஞ்சின் ஓரத்தைச் சுற்றிக் கெட்டி க்ரீமால் ஒரு வரப்பு கட்டிக்கொள்கிறேன். வரப்புக்குள் பழம் நிற்கும், வரப்பு உயரத்துக்குமேல் பழம் போகக் கூடாது. வரப்பில்லாத வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்?

க்ரீம் விஷயத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. தாவர எண்ணெயில் செய்த அந்த விப்பிங் க்ரீமை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும், முந்தின நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெல்ல இளகவிட வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நான் காலையில் எடுத்து மேடைமேல் வைத்தேன். கரண்ட் பதினொன்றரைக்கு வந்தபோது அது பால்போலத் தண்ணியாகிவிட்டிருந்தது. அடித்தேன், அடித்தேன், க்ரீம் அடிக்கிற பீட்டர் மிஷின் சூடானதுதான் மிச்சம். இரண்டாவது டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பொறுமையில்லாமல் பாதிக் கட்டியாகவே அடித்தேன். இந்தத் தடவை ஏறியது, ஆனால் பதற்றத்தில் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். க்ரீம் ரவை மாதிரிச் சொரசொரப்பாக ஆகிவிட்டது. அந்த நிலைக்கு வந்த க்ரீம் எவ்வளவு தேய்த்தாலும் வழவழப்பாகாது, தேய்க்கத் தேய்க்க மோசமாகும். அடிக்காத குளிர்ந்த க்ரீமை இரண்டு மூன்று கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கலந்தால் அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எனக்கு அப்போது அது தெரியாது, தெரிந்திருந்தாலும் ஊற்றுவதற்கு மிச்சம் இல்லை. க்ரீம் நன்றாகக் குளிர்ந்து, லேசாகப் பனித்துகள் தட்டுப்படும்போது அடிக்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிரப்புகிற க்ரீம் கெட்டியாக இருக்கலாம். கடைசிப் பூச்சுக்கான க்ரீம் பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைகிற பதத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் தடவும்போதே அது இன்னும் கொஞ்சம் இறுகும்.

மணி மூன்று. அடுக்கியாகிவிட்டது. நேராகக் கடைசிப் பூச்சைப் போட ஆரம்பித்தேன். கறுப்பு ஸ்பாஞ்ச், வெள்ளை க்ரீம். க்ரீம் தடவுகிற பேலட் கத்தியால் ஓர் இழுப்பு இழுத்ததும் க்ரீமோடு சாக்லேட் தூளும் வந்தது. கத்தியைக் கிண்ணத்தின் ஓரத்தில் வழித்துவிட்டு மறுபடி க்ரீம் எடுத்தேன், அந்தத் தூளும் கிண்ணத்துக்குள் போய்விட்டது. அரைமணி நேரத்தில் கிண்ணம் முழுக்க எள் தூவிய மாதிரி. மூட மூட இன்னும் இன்னும் பூசினேன். நடுவில் மாம்பழம் பிதுங்கியதால் கேக்கின் இடுப்பில் வளையம் மாதிரி ஒரு தொப்பை விழுந்தது. அதை மறைக்க அதன் மேலும் கீழும் க்ரீம் பூசியதில் கேக் எங்கெங்கோ பெருத்து, பீப்பாய் மாதிரி நின்றது. அழுகை வந்தது. அழுதுகொண்டே பூசினேன், வேறென்ன செய்வது, நாலரைக்கு வண்டி வந்துவிடும்.

வண்டி விஷயம். இரண்டு அடுக்கையும் வீட்டிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டேன். கீழ் அடுக்குக்குள் தாங்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றேகால் கிலோ கேக், இரண்டேகால் கிலோ கேக்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதை அட்டைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் பின்னால் சரிவாக இருக்கும், மடி அதைவிடச் சரிவு, போதாததற்கு உடம்புச் சூடு வேறு. பள்ளிகொண்டா தாண்டிக் குடியாத்தம் சாலையில் திரும்பிய பிறகு வண்டி ஊர்ந்தது. திருவிழாவுக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஏசி முன் சீட்டுக்கு மட்டும்தான் வேலை செய்தது. பெட்டிக்குள் ஏதோ மெல்ல நகர்வது மடியில் தெரிந்தது. திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

மண்டபத்தில் திறந்தபோது மேல் அடுக்கு ஒரு பக்கம் புதைந்து சாய்ந்திருந்தது. க்ரீம் வழிந்து பலகையில் தேங்கியிருந்தது. குழந்தையின் அம்மா என்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையின் பாட்டிதான், "வுடும்மா, இந்த வெயில்ல மனுசனே உருகறான், கேக்கு இன்னா பண்ணும்" என்று ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். போட்டோ எடுக்க வந்த தம்பி கேக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, சாய்வு தெரியாத ஒரு கோணத்தில் கேமராவை நட்டுக்கொண்டு கடைசிவரை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. மீதிப் பணத்தை நான் கேட்கவில்லை. முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மழை தொடங்கியதும் ஒரு கேக் சும்மா செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்குப் போட்டால் பொருள் 1,870, கார் போக வர 1,400, பிறகு செய்து கொடுத்த கேக்குக்கு 930. மொத்தம் 4,200. வரவேண்டிய லாபத்தைச் சேர்க்கவில்லை, தூக்கத்தையும் சேர்க்கவில்லை.

திரும்பி வரும்போது பையனைப் பார்க்க விரிஞ்சிபுரத்தில் இறங்கினேன். நைனா நாற்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவர், மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். போனில் இருந்த கேக் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னா கண்ணு, அடிப்பூச்சு காயறதுக்குள்ள மேல்பூச்சு போட்டியா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேக் என்ன சுவரா என்று கத்திவிட்டு வந்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்த வாக்கியம் மண்டைக்குள்ளேயே இருந்தது. பேக்கிங் வகுப்பில் க்ரம்ப் கோட் என்று சொல்லிக்கொடுப்பது அதைத்தான். முதலில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக, ஸ்பாஞ்சின் நிறம் தெரிகிற அளவுக்கு, ஒரு பூச்சு. உதிர்கிற தூளையெல்லாம் அது பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். அதை அரைமணி, முக்கால்மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பிறகுதான் அடுத்த பூச்சு. இதற்கான க்ரீமை வேறு கிண்ணத்தில் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். தூள் பட்ட கத்தி பெரிய கிண்ணத்துக்குள் திரும்பப் போகவே கூடாது. இந்தப் பூச்சை நான் போடாததற்குக் காரணம் தெரியாமை இல்லை. வகுப்பில் கற்றிருந்தேன். நேரம் போகிறது என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து நைனா பையனைக் கொண்டுவந்து விட வந்தவர், ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேக் ஒரே பக்கம் தாழ்கிறது என்று நான் போனில் சொன்னதை மறக்கவில்லை. சமையலறை மேடையில் ரசமட்டத்தை வைத்தார். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடியது. "இது வாட்டம் வுட்டு கட்டின மேடையாச்சே" என்றார். தண்ணீர் தேங்காமல் சிங்க் பக்கம் ஓடட்டும் என்று மேடையை லேசாகச் சரித்துக் கட்டுவார்களே, அந்த வாட்டம். கட்டியது அவரேதான், எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். ஓடிஜி அந்த மேடைமேல்தான் இருக்கிறது. உள்ளே ஊற்றிய மாவு சிங்கைப் பார்த்துச் சரிந்து, சரிந்தபடியே வெந்திருக்கிறது. பூசும்போது கேக்கை வைத்துச் சுற்றுகிற டர்ன்டேபிளையும் அதே மேடையில் வைத்துத்தான் சுற்றியிருக்கிறேன். ஒன்றரை வருஷமாக என் கேக்கெல்லாம் சிங்கைக் கும்பிட்டபடி பிறந்திருக்கின்றன. ஓடிஜியின் இரண்டு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்து, உள்ளே கம்பித்தட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துச் சரிபார்த்தோம். உங்கள் வீட்டில் ரசமட்டம் இல்லாவிட்டால் போனிலேயே அதற்கான வசதி இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பாருங்கள். கேக் கோணலானால் முதலில் அடுப்பைச் சந்தேகப்படுங்கள், கையை அப்புறம்.

நைனா போகும்போது இன்னொன்றும் விட்டுவிட்டுப் போனார். வீட்டுக்குத் தரை போட்டபோது மிஞ்சிய ஓர் அடி டைல்ஸ் துண்டு ஒன்று மாடியில் கிடந்தது. "இத்த மேல வையி, அமுங்கறது எல்லாம் இப்பவே அமுங்கட்டும்" என்றார். இடுப்புத் தொப்பைக்கு மருந்து அதுதான். அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றும், கனத்தால் இறங்குகிற நிரப்பலும், கேக்கைப் பூசி முடித்த பிறகு அமுங்கினால் பக்கத்தில் பிதுங்கத்தான் செய்யும். பூசுவதற்கு முன்பே அமுங்கவைத்துவிட வேண்டும். அடுக்கி முடித்ததும் க்ளிங் ராப் சுற்றி, மேலே ஒரு கேக் அட்டை, அதன்மேல் டைல்ஸ், அப்படியே நான்கைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில். வெண்ணெய் க்ரீமும், சாக்லேட்டும் க்ரீமும் கலந்த கனாஷும் இந்தக் கனத்தைத் தாங்கும். விப்பிங் க்ரீம் நிரப்பியிருந்தால் டைல்ஸ் அதிகம், ஓர் எவர்சில்வர் தட்டுக் கனம் போதும். பிதுங்கி வந்ததைச் சீவிவிட்டு அப்புறம் அடிப்பூச்சு.

ஜூனிலும் ஜூலையிலும் ஆர்டர் குறைவு. ஆறங்குல கேக்கை ஏழு தடவை செய்து பார்த்தேன். மேல்பூச்சில் எனக்குக் கைவந்ததைச் சொல்கிறேன். தேவைக்குமேல் தாராளமாகப் பூசுங்கள். வழவழப்பு என்பது க்ரீமை எடுத்து எடுத்து வருவது, வைத்து வைத்து வருவதில்லை. க்ரீமை வழிக்கிற தகடான ஸ்க்ரேப்பரின் அடி கேக் பலகையில் நன்றாகப் பதிந்து செங்குத்தாக நிற்க வேண்டும், முகம் கேக்கோடு சாய்கோணத்தில் இருக்க வேண்டும். அதைப் பிடித்த கை அசையக் கூடாது. இன்னொரு கைதான் டர்ன்டேபிளைச் சுற்றும், அதுவும் மெதுவாக, நிறுத்தாமல், ஒரு முழுச் சுற்று. நிறுத்திய இடத்தில் கோடு விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்க்ரேப்பரை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பள்ளம் தெரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் க்ரீம் வைத்து மறுபடி ஒரு சுற்று. பக்கம் முடிந்ததும் மேல் விளிம்பில் க்ரீம் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கும். அதைப் பேலட் கத்தியால் வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வோர் இழுப்புக்கும் துடைத்துத் துடைத்து இழுத்துவிட்டால் விளிம்பு கூர்மையாக வரும். ஊசிக்குத்து மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் அது க்ரீமுக்குள் இருக்கும் காற்று. பூசுவதற்கு முன் கரண்டியால் க்ரீமைக் கிண்ணத்தின் சுவரில் இரண்டு நிமிஷம் தேய்த்துத் தேய்த்துக் கலந்தால் பெரும்பாலும் போய்விடும். வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் கடைசியாக ஒரு முறை தடவுவது வெண்ணெய் க்ரீமுக்கு மிக நன்றாக வரும். விப்பிங் க்ரீமில் அதைச் செய்து பார்த்து ஒரு கேக்கை உருக்கினேன், நீங்கள் செய்ய வேண்டாம். இன்னொன்று, 350 ரூபாய் பிளாஸ்டிக் டர்ன்டேபிள் சுற்றும்போது தலையாட்டும். அதை வைத்துக்கொண்டு நேர்கோடு எதிர்பார்த்தது என் தப்பு.

இந்த வேலை எதையும் இப்போது சமையலறையில் செய்வதில்லை. எங்கள் வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். கட்டிலை ஒதுக்கிவிட்டு, மடக்கு மேசையைப் போட்டு, ரசமட்டம் பார்த்து, 20 டிகிரியில் விடிகாலை ஐந்து மணிக்குப் பூசுகிறேன். ஃபேன் போடுவதில்லை, க்ரீமின் மேல்தோல் காய்ந்து வெடிப்பு விடும். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்க இடமில்லாமல் ஹாலில் படுக்கிறார். பழகிவிட்டது.

ஆகஸ்டில் அந்தக் குடும்பத்துக்குச் சொன்னபடி கேக் கொண்டுபோனேன். இரண்டு அடுக்குதான், ஆனால் தனித்தனிப் பெட்டியில். கீழ் அடுக்குக்குள் ஜூஸ் கடையில் கொடுக்கும் தடிமனான ஸ்ட்ராவை கேக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டி ஐந்து இடத்தில் இறக்கியிருந்தேன். மேல் அடுக்கு தன் சொந்த அட்டையோடு அந்த ஸ்ட்ராக்களின் மேல் உட்காரும், கேக்கின் மேல் அதன் கனம் இறங்காது. பெட்டிகளைக் காரில் சீட்டின் மேல் வைக்கவில்லை, முன் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் தரையில், அடியில் வழுக்காத பாய் விரித்து வைத்தேன். வண்டியில் மட்டமான இடமும் குளிர்ச்சியான இடமும் அதுதான். அங்கே போய் அடுக்கினேன். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த கேக் வெளிச் சூட்டில் வியர்க்கும், மேலே பொடிப்பொடியாகத் தண்ணீர் நிற்கும். துடைக்கக் கை பரபரக்கும், துடைத்தால் தடம் விழும். பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு, பிறகு திறந்தேன். பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குத் தடம் இருந்தது, அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். குழந்தையின் அம்மா மறுபடி "அக்கா" என்றார். அவர் மூலம் இதுவரை மூன்று ஆர்டர் வந்திருக்கிறது.

ஆனால் மே மாதத்தில் வேலூரைத் தாண்டி வெள்ளை விப்பிங் க்ரீமில் ப்ளெய்ன் கேக் நான் எடுப்பதில்லை. கத்திரி தொடங்கும் 4-ஆம் தேதி வாக்கிலிருந்து மாதக் கடைசி வரைக்கும் யார் கேட்டாலும் கனாஷ்தான் என்று சொல்லிவிடுகிறேன். டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு க்ரீம் ஒரு பங்கு, வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு. வெயில் ஏறினால் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டுவேன். கோகோ வெண்ணெயே 34 டிகிரி வாக்கில் உருகிவிடும் என்பதால் அதுவும் வெயிலில் நிற்காது, ஆனால் பயணத்தைத் தாங்கும். நிறம் பளீர் வெள்ளையாக இருக்காது, தந்த நிறத்தில்தான் வரும் என்று முன்பணம் வாங்கும்போதே படத்தைக் காட்டிவிடுகிறேன். போன வாரம்கூட ஆம்பூரிலிருந்து ஒருவர் மே 20-க்குப் பால் வெள்ளையில் மூன்று கிலோ கேட்டார். முடியாதுங்க என்றேன். வேறு இடத்தில் செய்து தருகிறார்களாமே என்றார். சரிங்க, அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்றேன்.